காற்றின் கூறுகளும் கவிழ்த்த குவளையும்

காற்று என்று ஒரு பொருள் உண்டு என்பதை மூலனூர்ச் சிறுவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் உள்ள அப்பேரூர், பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்றின் பாதையில் அமைந்தது. ஆனி, ஆடி மாதங்களில் அக்காற்று புழுதியை வாரி இறைக்கும். வட்டாரத்துக் காற்றாலைகள் ஓயாது சுழலும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடைபெறும் ஊராதலின், காற்றில் பஞ்சு மிதப்பதும் அப்பிள்ளைகளுக்குப் பழகிய காட்சியே. 'காற்று எதனால் ஆனது?' என்று வினவினால் புழுதி, பஞ்சு, புகை என அவர்கள் விடை கூறுதல் இயல்பு. கண்ணுக்குப் புலனாகாத வளிகள் சில கலந்ததே காற்று என்பதை ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு உணர்த்துவது?

இதற்குப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலமாக ஒரு செய்முறையைக் கையாண்டு வந்துள்ளன. தட்டில் நீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்ப்பர். சுடர் மங்கி அணையும். நீர் குவளைக்குள் ஏறும். 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது. அவ்விடத்தை நீர் நிரப்பியது' என்று ஆசிரியர் விளக்குவார். உலகின் பல மொழிகளில் இப்பாடம் இவ்வாறே நடத்தப்பட்டிருக்கிறது.

இச்செய்முறை ஐரோப்பியர் அண்மையில் கண்டுபிடித்ததன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பைசாந்தியத்து ஃபிலோன் என்ற கிரேக்கப் பொறியியலர் காற்றின் இயல்பு பற்றி எழுதிய நூலில் இது இடம்பெற்றுள்ளது. அந்நூலின் கிரேக்க மூலம் அழிந்துபட்டது. அரபு மொழிபெயர்ப்பே அதனைக் காத்தது. அதன் ஒரு பகுதி அரபியிலிருந்தே இலத்தீனுக்குச் சென்றது. இஸ்தான்புல் அயா சோஃபியா நூலகத்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருந்த அரபுப் பிரதிகளைக் கொண்டு, 1902இல் பாரிஸில் கர்ரா த வோ என்ற அறிஞர் அதனைப் பதிப்பித்தார். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூசா சகோதரர் மூவர் இயற்றிய 'கிதாபுல் ஹியல்' என்னும் பொறிநூலும், காற்றழுத்தத்தையும் நீரழுத்தத்தையும் நுட்பமாகக் கையாளும் இம்மரபைச் சேர்ந்ததே. நெருப்பு காற்றை அழிக்கிறது, அழிந்த இடத்தை நீர் பற்றிக்கொள்கிறது என்பது ஃபிலோன் தந்த விளக்கம். பிற்காலத்தார் 'காற்று' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆக்சிஜன்' என்ற சொல்லை வைத்தனர். விளக்கத்தின் கட்டமைப்பு மாறவில்லை.

ஆனால் அவ்விளக்கம் பிழையானது. சுடர் அணையும்போது குவளைக்குள் ஆக்சிஜன் முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. நூற்றுக்கு 21 பங்காக இருந்தது ஏறத்தாழ 16 பங்காகக் குறைந்ததுமே சுடர் அணைகிறது. அக்குறைவுக்கு ஈடாகக் கரியமில வாயுவும் நீராவியும் பிறக்கின்றன. நீர் ஏறுவதற்குப் பெருங்காரணம் வெப்பமே. கவிழ்க்கும்போதே சூடேறி விரிந்திருந்த காற்று, சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குகிறது. ஆகவேதான் சுடர் எரியும்போது மெல்ல அசையும் நீர், அணைந்தவுடன் விரைந்து மேலேறுகிறது. இதைச் சோதிப்பது எளிது: ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றி அதே குவளையைக் கவிழ்த்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். மெழுகுவர்த்தி கூடியதால் குவளையிலுள்ள ஆக்சிஜன் கூடிவிடுமா? இவ்வினாவைப் பிள்ளைகளே கேட்டுவிடுவர்.

முன்னோர் எழுதினர் என்பதற்காக ஒன்றை ஏற்றல் ஆகாது என்பதை, தாலமியின் நூல்களை ஆராய்ந்து ஐயங்களைத் தொகுத்த இப்னுல் ஹைதம் (ஏறத்தாழ 965–1040) வற்புறுத்தினார். முடிவு சரியானதாயினும் அதற்குக் காட்டப்படும் சான்று பொய்யானால் அதை விலக்கவேண்டும் என்பது நமது கல்வி மரபுக்குப் புதிதன்று. ஹதீஸ் கலையினர் செய்தியின் வாசகத்தோடு அது வந்த வழியையும் தனியே ஆராய்ந்தனர். ஐந்தில் ஒரு பங்கு என்பது சரி. மெழுகுவர்த்தி அதற்குச் சாட்சியாகாது.

உண்மையான அளவை மாந்தர் வேறு வழிகளில் கண்டனர். லவாய்சியே 50 கன அங்குலக் காற்றில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் சூடாக்கியபோது அது 42, 43 கன அங்குலமாகக் குறைந்தது. எஞ்சியதில் சுடர் நிற்கவில்லை. கேவண்டிஷ் 1780களில் ஆக்சிஜனின் அளவை ஏறத்தாழ இன்றைய கணக்குக்கே கொண்டுவந்தார். 1785இல் நைட்ரஜனையும் நீக்கியபின் எஞ்சிய சிறு குமிழியை அவர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். அது ஆர்கான் என்பது 1894இல்தான் ராலேயாலும் ராம்சேயாலும் வெளிப்பட்டது. (இந்த ராம்சேதான் 1900ஆம் ஆண்டில் டாட்டாவின் ஆய்வு நிலையத்துக்கு இடம் தேடி இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பெங்களூரைப் பரிந்துரைத்தவர்.)

பாதரசத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தல் தகாது. இரும்பு போதும். நீண்ட கண்ணாடிக் குழாயின் உட்புறத்தை நனைத்து, எண்ணெய்ப் பசையற்ற இரும்புத்தூளை அதில் ஒட்டச் செய்து, நீருள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தவேண்டும். இரும்பு துருவேற ஏற, ஆக்சிஜன் அதனோடு சேர்ந்துவிடும். நீர் சில நாள்களில் குழாயின் ஐந்தில் ஒரு பங்குவரை ஏறி நின்றுவிடும். இங்கே சூடும் இல்லை. ஆக்சிஜனுக்கு ஈடாக வேறு வளியும் பிறப்பதில்லை. ஒரு நிமிடத்தில் முடியும் வேடிக்கையை விடுத்து நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்பதே இதன் குறை. பாடவேளைக்குள் முடியாதது பள்ளியில் நிலைப்பதில்லை.

சொற்களும் ஒருவகையில் தடையாயின. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1875இல் 'கெமிஸ்தம்' நூலைத் தந்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜி கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தார். இத்தகைய முயற்சிகளால் வேதியியல் தமிழில் பேசலாயிற்று. எனினும் 'பிராணவாயு' என்ற சொல், நாம் மூச்சில் இழுப்பது அதை மட்டுமே என்ற எண்ணத்தைப் பிள்ளைக்கு ஊட்டிவிடுகிறது. இழுக்கும் மூச்சில் 78 விழுக்காடு நைட்ரஜன். விடும் மூச்சிலும் 16 விழுக்காடு அளவுக்கு ஆக்சிஜன் உண்டு.

இன்னுமொன்று. நம் தலைமுறை மனனம் செய்த 'கரியமில வாயு 0.03 விழுக்காடு' என்ற எண் இன்று செல்லாது. ஹவாய்த் தீவின் மௌன லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420ஐக் கடந்துவிட்டது. பாடநூலில் அவ்வெண்ணின் அருகே ஆண்டையும் அச்சிடுதல் நன்று.