ஆபீஸை விட்டு ஸ்டியரிங்குக்கு: தியாகதுருகம் ரோட்டில் ஒரு வரலாறு

நைட் ஷிஃப்ட் முடிச்சு டீக்கடையில நிக்கும்போது கூட்டத்துல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம இருக்க மாட்டார்: "பேசாம வேலைய விட்டுட்டு லாரி ஓட்டப் போயிடலாம்டா." எல்லாரும் சிரிப்பாங்க. நிஜமாவே அப்படிப் போனவங்க இருக்காங்க. அவங்க கதையை இன்னைக்குப் பார்க்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ரோட்டைப் பார்க்கணும்.

சேலத்துல கிளம்பி வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி வழியா உளுந்தூர்பேட்டை போற நெடுஞ்சாலை சுமார் 136 கிலோமீட்டர். மேற்கு மாவட்டங்கள்ல இருந்து சென்னைக்கோ புதுச்சேரிக்கோ லோடு ஏத்திக்கிட்டு வர்ற லாரிகளுக்கு இது முக்கியமான வழி. கள்ளக்குறிச்சி தாண்டினதும் தியாகதுருகம் வரும். ஊரை ஒட்டி ஒரு மலை, மேல கோட்டை. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனா எலவனாசூர்கோட்டை. பேர்லயே கோட்டை இருக்கு. ஒரே ரோட்டுல இவ்வளவு பக்கத்துல ரெண்டு கோட்டை எதுக்கு?

சரக்குக்காகத்தான். 1760-ல புதுச்சேரியில இருந்த பிரெஞ்சுக்காரங்களை ஆங்கிலேயப் படை நெருக்கிக்கிட்டு இருந்தது. உள்ளே சாப்பாடு தீர்ந்துக்கிட்டே வருது. பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூர் ஹைதர் அலியோட ஒரு ஒப்பந்தம் போட்டார். ஹைதர் படையும் உணவும் அனுப்பணும், பதிலுக்குத் தியாகதுருகமும் எலவனாசூரும் மைசூர் கைக்குப் போகும். ஹைதர் கேட்டது எந்த ரெண்டு இடம்னு கவனிங்க. மைசூர்ல இருந்து மலையிறங்கி, சேலம், ஆத்தூர் தாண்டி கடற்கரைக்கு வர்ற வழியைக் காவல் காக்கிற இடங்கள். ஹைதரோட தளபதி மக்தூம் அலி அந்த வழியா மாட்டு வண்டியும் பொதிமாடுமா சரக்கு கொண்டுவந்தார். ஜூலை மாசம் திருவதிகை பக்கம் தடுக்க வந்த ஆங்கிலேயப் படையைத் தோற்கடிச்சுட்டு, சரக்கைப் புதுச்சேரிக்குள்ள சேர்த்தாங்க. அப்புறம் மைசூர்லயே ஹைதருக்கு எதிரா சதி கிளம்பவே படை திரும்பிப் போச்சு. சப்ளை நின்னது. 1761 ஜனவரியில புதுச்சேரி சரணடைஞ்சது. 30 வருஷம் கழிச்சு, 1790-ல திப்பு சுல்தான் இதே தியாகதுருகத்தைத் தாக்கினப்போ, கேப்டன் ஃபிளின்ட் கோட்டையை விடாம பிடிச்சு வெச்சிருந்தார். திப்பு விட்டுட்டு வேற பக்கம் போனார்.

இந்தப் போர்கள்ல தளபதிகள் பேர் நமக்குத் தெரியுது. மாடு ஓட்டினவன் பேர் ஒண்ணுகூட இல்ல. லாரி வரலாறும் பெரும்பாலும் இப்படித்தான், முதலாளி பேர் நிக்கும், ஓட்டினவர் பேர் நிக்காது. ஆபீஸை விட்டு ரோட்டுக்கு வந்தவங்களைப் பத்திப் பேசும்போது இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

தமிழ்நாட்டுல அப்படி வந்தவங்கள்ல மிகப் பிரபலமானவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். ஆமா, டி.வி.எஸ். தான். 1877-ல திருக்குறுங்குடியில பிறந்தவர். முதல்ல வக்கீல். அப்புறம் ரயில்வே வேலை. அதுக்கப்புறம் பேங்க். அந்தக் காலத்துல ஒரு குடும்பம் ஆசைப்படக்கூடிய மூணு நாற்காலியிலயும் உட்கார்ந்து பார்த்துட்டு, மூணையும் விட்டவர். 1912 வாக்குல தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார். லாரி பின்னாடிதான் வந்தது, சதர்ன் ரோட்வேஸ்ங்கிற பேர்ல. மாட்டு லாடத்துல இருந்து விழுற ஆணி டயரைக் குத்துதுன்னு, ரோட்டுல ஆணி பொறுக்க காந்தம் வெச்ச வண்டியை ஓட விட்டார்னு ஒரு கதை உண்டு. மாட்டு வண்டிக் காலமும் மோட்டார் காலமும் ஒரே ரோட்டுல உரசிக்கிட்ட நேரம் அது.

அவரால அன்னைக்கு ஏன் முடிஞ்சது? துணிச்சல்னு சொல்றது சுலபம். எனக்கு அதைவிட முக்கியமாத் தோணுறது, அப்போ கதவு திறந்திருந்தது. இந்திய மோட்டார் வாகனச் சட்டமே 1914-லதான் வருது. அதுவும் லைசென்ஸ், பதிவு அளவோட நின்னுடும். வண்டி வாங்கக் காசும், அதைப் பழுது பார்க்கத் தெம்பும் இருந்தா ரூட் உன்னோடது. ஜி.டி. நாயுடு 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோட ஆரம்பிச்சதும் இந்தக் காலத்துலதான்.

அப்புறம் கதவு மூட ஆரம்பிச்சது. மூடச் சொன்னது ரயில்வே. பஸ்ஸும் லாரியும் எங்க வருமானத்தைத் தின்னுதுன்னு ரயில் கம்பெனிகள் புகார் சொல்ல, 1932-ல மிட்செல், கிர்க்னஸ்ன்னு ரெண்டு அதிகாரிகளை வெச்சு அரசு ஒரு ஆய்வு நடத்துச்சு. அடுத்து வந்த 1939 மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட் முறையைக் கொண்டுவந்தது. எந்த வண்டி, எந்த எல்லைக்குள்ள, எந்த ரூட்டுலன்னு ஒரு ஆபீஸ் முடிவு பண்ணும். ஆபீஸை விட்டு ஓடி வந்தவன் மறுபடியும் ஒரு ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும்! நாடு முழுக்கப் போற நேஷனல் பர்மிட் 1975-ல வந்தது. 1988 சட்டம் பர்மிட் வாங்கறதைக் கணிசமா எளிதாக்குச்சு.

அந்தத் திறந்த கதவு வழியா வந்தவர்தான் போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி. வணிகவியலும் சட்டமும் படிச்சவர். 2003-ல கணவர் விபத்துல இறந்துட்டார். ரெண்டு குழந்தைங்க. ஜூனியர் வக்கீலா போனா கையில காசு பார்க்க வருஷக்கணக்காகும். குடும்பத்துக்கு லாரித் தொழில் தெரியும். ஒரு டிரைவரைப் போட்டு வண்டி ஓட்டினார். கொஞ்ச மாசத்துலயே ஹைதராபாத் பக்கம் வண்டி விபத்துல சிக்குச்சு, டிரைவர் ஓடிட்டார். யோகிதாவே ஒரு மெக்கானிக்கையும் ஹெல்பரையும் கூட்டிக்கிட்டுப் போய், வண்டியைச் சரி பண்ணி ஊருக்குக் கொண்டுவந்தார். அப்புறம் தானே ஓட்டக் கத்துக்கிட்டார். நாட்டின் பல மாநிலங்களுக்கு லோடு எடுத்துப் போறார். 2013-ல மகிந்திரா நிறுவனம் அவருக்கு ஒரு லாரியைப் பரிசாக் கொடுத்தது.

ரெண்டு பேருமே சட்டம் படிச்சவங்கங்கிறது தற்செயல். ஆனா ரெண்டு பேருமே வண்டியைத் தங்களோடதா வெச்சுக்கிட்டு இறங்கினாங்க, அது தற்செயல் இல்ல. டீக்கடையில "லாரி ஓட்டப் போறேன்"னு சொல்றவன் நினைக்கிறது சொந்த வண்டி. அவனுக்குக் கிடைக்கப்போறது பெரும்பாலும் இன்னொருத்தர் வண்டி. அது வேற வாழ்க்கை. ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு கூலி, மேல பேட்டா. இறக்கின ஊர்ல ரிட்டர்ன் லோடு கிடைக்கலைன்னா புக்கிங் ஆபீஸ் பக்கம் ரெண்டு நாள், மூணு நாள் படுத்துக் கிடக்கணும். நம்ம ஊர் டிரைவர்கள்ல முக்கால்வாசிப் பேர் கிளீனரா ஏறி, தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து, டயர் தட்டிப் பார்த்து, வருஷக்கணக்கா பக்கத்து சீட்டுல தூங்காம உட்கார்ந்து கத்துக்கிட்டவங்க. இந்தப் படிப்புக்குக் காலேஜ் கிடையாது. முப்பது வயசுல லேப்டாப் பேக்கோட வர்றவனை யார் கிளீனரா ஏத்துவாங்க?

வேலை நேரத்துக்குச் சட்டம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு சொன்னது. தூரப் பயணங்களுக்கு அனுமதியோட 10 மணி, 54 மணி வரைக்கும் போகலாம்னு இருந்தது. படிக்க அழகாத்தான் இருந்தது. ஆனா அஞ்சு தொழிலாளர்களாவது வேலை பார்க்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்துச்சு. இந்தியாவுல லாரிகள்ல பெரும்பகுதி ஒரு வண்டி, ரெண்டு வண்டி வெச்சிருக்கிற சின்ன முதலாளிகள்கிட்ட இருக்கு. அந்த டிரைவர் இந்தச் சட்டத்துக்கு வெளியேதான் ஓட்டினார். முதலாளியே டிரைவரா இருந்தா அவருக்கு எட்டு மணி நேரம்னு சொல்ல யாரும் இல்ல. வங்கித் தவணைதான் சொல்லும்.

வெளிநாட்டுல நிலைமை வேற மாதிரி தெரியும். 2021-ல பிரிட்டன்ல ஒரு லட்சம் லாரி டிரைவர் பற்றாக்குறைன்னு அந்தத் துறை சொன்னது. பெட்ரோல் பங்க்ல வண்டிகள் வரிசையில நின்னது. வெளிநாட்டு டிரைவர்களுக்கு 5,000 தற்காலிக விசா தர்றோம்னு அரசு அறிவிச்சது. சம்பளம் ஏறுச்சு, ஆபீஸ் ஆளுங்க லாரி லைசென்ஸ் எடுத்த செய்திகள் எல்லாம் வந்தது. நம்ம ஃபோன்ல ஓடுற வீடியோக்கள்ல பாதி இந்த உலகத்தோடது. அமெரிக்காவுல 1980-ல லாரித் துறைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினப்போ டிரைவர் சம்பளம் இறங்கினதை அந்த வீடியோக்கள் சொல்லாது.

இங்கயும் மாற்றம் வருது, மெதுவா. 2017-ல ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லை வரிச் செக்போஸ்ட்டுகள் போச்சு. அதுல டிரைவருக்கு மிச்சமான தூக்கம் கொஞ்சநஞ்சம் இல்ல. லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம்ங்கிற விதி 2025-ல தயாராகிற வண்டிகள்ல இருந்துதான். டிரைவருக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு வேணும்ங்கிற விதியை 2019-ல எடுத்துட்டாங்க. ஆக டிகிரி இங்க எதுக்கும் உதவாது. ஹெவி லைசென்ஸுக்கு 20 வயசு ஆகியிருக்கணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியோட சான்றிதழ் வேணும். அதுக்கு மேல, தியாகதுருகம் மாதிரி ஊர்களோட புறவழிச்சாலைகள்ல நாலு வழி ரோடு திடீர்னு ரெண்டு வழியா சுருங்கி எத்தனையோ விபத்துகள் நடந்த அந்த 136 கிலோமீட்டரை, பாரத்தோட, ராத்திரியில ஓட்டித்தான் கத்துக்கணும்.