இறந்த நாளா, இறுதி நாளா? 1331–1336 அவிஞ்ஞோன் விவாதம்

1331 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். அவிஞ்ஞோன் நகரில் எண்பது வயதைக் கடந்த பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் பிரசங்கம் செய்தார். புனிதர்களின் ஆன்மாக்கள் இன்னும் கடவுளை நேருக்கு நேர் காணவில்லை என்றார். திருவெளிப்பாடு நூல் சொல்லும் பலிபீடத்தின் கீழ், அதாவது கிறிஸ்துவின் மனித இயல்பின் காவலில், அவை இளைப்பாறுகின்றன. உடலோடு உயிர்த்தெழுந்து பொதுத்தீர்வை முடிந்த பிறகே அந்தத் தரிசனம் கிட்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஜனவரியில், தீயோரும் இன்னும் நரகத்தில் தள்ளப்படவில்லை என்று சேர்த்துக்கொண்டார்.

இது புதுச்சரக்கு அன்று. உயிர்த்தெழுதலை மறுத்து, இறந்ததும் ஆன்மா வானகம் ஏறிவிடும் என்போரைக் கிறிஸ்தவராகவே எண்ண வேண்டாம் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே யுஸ்தின் எழுதினார். ஆன்மாக்கள் இறுதிநாள் வரை காத்திருக்கும் என்ற தெர்த்துல்லியன், மறைசாட்சிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார். ஆன்மாக்கள் மறைவிடங்களில் தங்கியிருப்பதாக அகுஸ்தீன் கருதினார். யோவான் பெரிதும் சார்ந்திருந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி கிளேர்வோ பெர்நார்தின் பிரசங்கங்களை.

பிறகு ஏன் இத்தனை கொந்தளிப்பு? இடைப்பட்ட நூற்றாண்டுகளில் வழிபாடு வேறு திசையில் வெகுதூரம் போய்விட்டது என்பதே என் கருத்து. கல்லறை யாத்திரை, நேர்ச்சை, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கான பூசை எல்லாம், புனிதர் இப்போதே கடவுள் சந்நிதியில் நின்று பரிந்து பேசுகிறார் என்ற நம்பிக்கையில் ஊன்றியிருந்தன. தூய ஆன்மா உடல் திரும்பும் முன்பே கடவுளைக் காணும் என்று கற்பித்த தாமஸ் அக்குவினாசுக்கு 1323இல் புனிதர் பட்டம் அளித்ததும் இதே யோவான்தான்!

அரசியலும் எண்ணெய் ஊற்றியது. பாப்பரசரின் எதிரியான பேரரசர் பவேரியாவின் லூயியிடம் அடைக்கலம் புகுந்திருந்த பிரான்சிஸ்கன் துறவி ஒக்காமின் வில்லியமும் அவர் கூட்டாளிகளும் பாப்பரசரே பேதகர் என்று முழங்கினர். அவிஞ்ஞோனிலேயே 1333 ஜனவரியில் எதிர்த்துப் பிரசங்கித்த தோமினிக்கன் துறவி தாமஸ் வேலிஸ் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப் வேன்சேனில் கூட்டிய பாரிஸ் இறையியலார் யோவானின் கருத்தை ஏற்கவில்லை. 1334 டிசம்பர் 3 அன்று, மரணப்படுக்கையில், அவர் தம் கருத்தைக் கைவிட்டார். அப்போதும், உடலைப் பிரிந்த ஆன்மாவின் நிலை இடம்கொடுக்கும் அளவுக்கு அது கடவுளைக் காண்கிறது என்று ஒரு வரம்பு கட்டினார். மறுநாள் இறந்தார்.

அடுத்துப் பன்னிரண்டாம் பெனடிக்ட் பாப்பரசரானார். 1336 ஜனவரி 29இல் அவர் வெளியிட்ட சாசனம் முடிவுகட்டியது: குறையற்ற ஆன்மாக்கள் உடனடியாகவும், மற்றவை சுத்திகரிப்பு முடிந்ததும், பொதுத்தீர்வைக்கு முன்பே இறைச்சாரத்தைக் காண்கின்றன, சாவான பாவத்தோடு இறந்தோர் உடனே நரகம் இறங்குகின்றனர். ஆயினும் பொதுத்தீர்வை நாளில் எல்லாரும் உடலோடு கிறிஸ்துவின் நீதியாசனத்தின் முன் நிற்பர் என்பதையும் சாசனம் விட்டுவிடவில்லை. ஆனால் தீர்ப்பு ஏற்கெனவே தெரிந்துவிட்ட பின், அந்த நாளுக்கு அதைப் பகிரங்கப்படுத்தும் வேலையே பெரிதும் மிஞ்சியது.

1439இல் புளோரன்ஸ் சங்கம் இதே போதனையைக் கிரேக்கரோடான ஒன்றிப்பு ஆவணத்தில் எழுதிச் சேர்த்தது. சீர்திருத்தக் காலத்தில், ஆன்மா உறங்குகிறது என்ற அனபாப்திஸ்துகளை மறுத்து 1534இல் ஒரு நூல் எழுதிய கால்வின், ஆன்மா உடலோடு அழிந்துவிடுகிறது என்று யோவான் போதித்ததாகப் பின்னாளில் குற்றம் சாட்டினார். யோவான் அப்படிச் சொன்னதே இல்லை.