விரலுக்கு அகப்படாத நாடி

எமது பகுதியில் காய்ச்சல் என்றாலே பயம்தான். 2008இல் நாடெங்கும் எலிக்காய்ச்சல் பரவி 7,000க்கும் அதிகமானோர் நோயுற்றதாகப் பதிவானது. 2017இல் டெங்கு நோயாளர் தொகை 1 இலட்சத்து 86 ஆயிரத்தைத் தாண்டியது. வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்கி உழைக்கும் இரத்தினபுரி, கேகாலை மக்களுக்கு இவை பக்கத்து வீட்டுச் செய்திகள்.

டெங்கு முற்றினால் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும். பிரஷர் பார்க்கும்போது சொல்லப்படும் மேல் இலக்கத்துக்கும் கீழ் இலக்கத்துக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை. அந்த இடைவெளியைத்தான் நம் விரல் துடிப்பாக உணர்கிறது. அது சுருங்கச் சுருங்க நாடி நூல்போல மெலிகிறது.

அந்நிலையில் சிலருக்கு ஒவ்வொரு துடிப்பிலும் பிரஷரை அறிய, மணிக்கட்டு நாடிக்குள் மெல்லிய குழாய் ஒன்றை இட வேண்டி வரும். வளர்ந்தவர்களுக்கே அந்நாடியின் விட்டம் 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். பரிசாரிமாரும் ஹகீம்களும் நாடி பிடித்ததுபோல, வைத்தியர்களும் விரலால் தடவித்தான் இடம் கண்டார்கள். ஆனால் குழாய் அவசரமாகத் தேவைப்படுபவருக்குத்தான் நாடி அகப்படாது. டெங்குவில் குருதிச் சிறுதட்டுகளும் குறைந்திருக்கும். தவறிக் குத்தும் ஒவ்வொரு ஊசியும் இரத்தம் கசிய வழியாகும்.

நாடிக்குள் குழாய் இட்டு அமுக்கம் அளப்பது புதிதல்ல. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் நாடியில் பித்தளைக் குழாய் பொருத்தி, குருதி 8 அடிக்கு மேல் எழுந்ததை 1733இல் எழுதி வெளியிட்டார். 1953இல் சுவீடன் வைத்தியர் செல்டிங்கர், ஊசி வழியே கம்பி செலுத்தி, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேலாகக் குழாயை நுழைக்கும் முறையைத் தந்தார். அப்போதும் இடத்தைக் காட்டியது விரல்தான்.

கண் வேறு வழியாக வந்தது. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடக் கழியொலியைப் பயன்படுத்த முனைந்தார்கள். பின்னர் தொழிற்சாலைகளில் உலோக வெடிப்பைக் கண்டறிய அது உதவியது. 1958இல் கிளாஸ்கோ நகரின் இயன் டொனால்ட் குழுவினர் அதனால் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் காட்டினார்கள். போர்க்களத்துக்கென அமெரிக்கா தொடங்கிய ஆய்விலிருந்து 1999இல் கையில் தூக்கும் ஸ்கேன் கருவி வந்தது. 2010இல் அது சட்டைப்பைக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியிலேயே படம் தெரிகிறது.

நாம் படிப்பிக்கும் பாடமே இங்கு உதவுகிறது. கருவியை மெல்ல அழுத்தினால் நாளம் நசுங்கிவிடும்; நாடி துடித்துக்கொண்டு நிற்கும். ஊசி முனை வெள்ளைப் புள்ளியாக நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே குத்தலாம். பழகிய கையில் முதல் முயற்சியிலேயே குழாய் ஏறும் வாய்ப்பு கூடுகிறது.

ஆனால் இவையெல்லாம் நோயாளி நேரத்தோடு வைத்தியசாலை வந்தால்தான். காய்ச்சல் விட்டது, சுகம்தான் என்று லயத்திலேயே படுக்க விடாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து தொடங்கும் நேரம். கைகால் குளிர்ந்தால், வயிற்றுவலியும் வாந்தியும் நிற்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.