ஏறி இறங்கும் சாளரங்கள்

பண்டைத் தமிழர் சாளரத்தைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலேயரின் 'விண்டோ' என்னும் சொல்லும் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய வடபுலச் சொல்லிலிருந்து பிறந்ததே. அப்பெயருக்குப் பெரிதும் பொருத்தமானவை இங்கிலாந்தின் பழைய இல்லங்களில் காணப்படும் 'சாஷ்' சாளரங்கள்.

இச்சாளரத்தில் கண்ணாடி பதித்த இரண்டு மரச்சட்டங்கள் மேலும் கீழும் நகரும். இருபுறமும் உள்ள மரக்கூடுகளுக்குள் இரும்பு அல்லது ஈயக் குண்டுகள் கயிற்றில் தொங்கும். கயிறு சிறு கப்பியின்மேல் ஓடிச் சட்டத்தைத் தாங்கும். சட்டத்தின் எடையும் குண்டுகளின் எடையும் ஒத்திருப்பதால், சிறுவனும் அதனை எளிதில் உயர்த்தலாம். மேற்சட்டத்தைச் சற்று இறக்கினால் வெப்பக் காற்று வெளியேறும். கீழ்ச்சட்டத்தை ஏற்றினால் குளிர்காற்று உட்புகும்.

1670-களில் அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் இடம்பெற்ற இச்சாளரம், பின்னர் நகரத்து இல்லங்களுக்கும் பரவியது. அதன் வடிவத்தைச் சட்டமும் வரியும் செதுக்கின. 1666-ஆம் ஆண்டில் இலண்டனைத் தீ அழித்தது. அந்த அச்சம் நீங்காத நகரில், மரச்சட்டங்கள் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்வாங்கி இருத்தல் வேண்டும் என 1709-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் மரக்கூட்டையும் சுவருக்குப் பின்னே மறைக்கச் செய்தது. 1696 முதல் 1851 வரை சாளரங்களின் எண்ணிக்கைக்கேற்ப வரி தண்டப்பட்டது. அதற்கு அஞ்சிப் பலர் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தனர். கண்ணாடிக்கும் எடையளவில் வரி இருந்தது. 1845-இல் அது நீங்கியபின் சிறு கண்ணாடிகளின் இடத்தைப் பெரிய கண்ணாடிகள் பிடித்தன.

இத்தகைய சாளரங்கள் பல இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் இயங்குகின்றன. பகுதி பகுதியாகக் கழற்றிச் செப்பனிடத்தக்க அமைப்பே அதற்குக் காரணம். கயிறு அறுந்தால், ஓரத்து மெல்லிய மரப்பட்டியைப் பெயர்த்துப் புதுக்கயிறு மாற்றலாம். மழைநீர் தங்கும் அடிச்சட்டமே முதலில் உளுக்கும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, நல்ல மரத்தை அளவாக ஒட்டுப்போடுவர். சுண்ணக்கல் தூளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த பசையால் பழைய கண்ணாடியையே மீண்டும் பதிப்பர். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஆதலின், தூசி பறக்க அதனை உலர்வாகத் தேய்த்தல் தீங்கு. கண்ணாடியை மாற்றிக் கனமானதைப் பதித்தால், குண்டுகளையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். தவறினால் சட்டம் நிலைகொள்ளாது. குளிர்காற்றுக் கசிவைத் தடுக்க விளிம்புகளில் தூரிகைப் பட்டிகள் பொருத்தினால் போதும்.

இருப்பினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அலுமினியமும் நெகிழியும் மலிந்தன. சிறு பழுதுக்காக முழுச்சாளரத்தையே பெயர்த்தெறியும் வழக்கமும் பெருகியது. மெல்ல வளர்ந்து வைரம் பாய்ந்த பழைய மரமும், சிற்றலைபோல் நெளியும் கையூதுக் கண்ணாடியும் குப்பைக்குச் சென்றன. அவற்றை இழந்த தெரு தன் முகத்தையே இழந்தது.

1877-இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பழமையைப் புதுப்பிக்கிறோம் என்று அழிப்பதினும், பழுது முற்றுமுன் பேணுவதே மேல் என்பது அவர் கொள்கை. 1947-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிட வழிவகுத்தது. ஆனால், எந்தச் சட்டமும் வண்ணம் பூசாது. எந்தப் பட்டியலும் கயிறு மாற்றாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூசி, நீர் தங்காமல் காக்கும் வீட்டாரின் கையே அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முன்னோர் விட்டுச்சென்ற பொருளுக்கு உரிமை கொண்டாடுதல் எளிது. அதனைப் பழுதின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே கடமை.