கிண்ணத்துப் புளிப்பு

விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. விரும்புவோர்க்கு முட்டை வெண்கரு. இவற்றைப் பனிக்கட்டியுடன் குலுக்கி இல்லத்திலேயே ஆக்கப்பெறும் ‘விஸ்கி சவர்’ இன்று இன்சுவைப் பானம். அதன் புளிப்புக்கோ துயர்மிக்க கடல் வரலாறு ஒன்றுண்டு.

1747இல் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், பல்லீறு அழுகும் ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்தளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1753இல் இதனை நூலாகவும் எழுதினார். ஆயினும் எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கக் கடற்படைத் தலைமை 1795 வரை காலந்தாழ்த்தியது. அந்த 48 ஆண்டுகளில் பிழைத்திருக்க வேண்டியோர் பலர் மடிந்தனர்.

பின்னர் அச்சாறு மாலுமியரின் ரம் மதுவோடு கலந்தது. 1862இல் நியூயார்க்கில் வெளிவந்த ஜெர்ரி தாமஸின் மதுக்கலவை நூலில் ‘சவர்’ வகை இடம்பெற்றது. மருந்தாய் வந்த புளிப்பு விருந்தாயிற்று. அதனைக் காலத்தே பெறாதோர் கடலடியில் உறங்குகின்றனர்.