லயத்துக் கொல்லையின் வரலாறு



ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. நம் நாட்டு மண்ணுக்கு ஆடியும் ஒன்றுதான், தையும் ஒன்றுதான். வசந்த காலம், பனிக்காலம் என்ற பேச்சே இங்கு இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வரும். குச்சியை ஊன்றினால் வேர்விடும். கப்பலேறி வந்த நம் முன்னோர் இந்த மண்ணில் பால்மரத்தை மட்டுமா வளர்த்தார்கள்? லயத்துக்குப் பின்னால் கொல்லையையும் வளர்த்தார்கள். அந்தக் கொல்லைக்கும் ஒரு வரலாறு உண்டு.

பால்மரத்தின் கதை புத்தகங்களில் இருக்கிறது. 1877-ல் 22 கன்றுகள் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-ல் சிங்கப்பூர் பூந்தோட்டத்தின் இயக்குநராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். தோட்டங்கள் பெருகின. ஆனால், கொல்லையில் கருவேப்பிலைக் கன்று வைத்த பெண்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

காலையில் பெரட்டு, பிறகு பால்வெட்டு, சாயங்காலம் கொல்லை. முருங்கை, வாழை, மிளகாய், கத்தரி, வெண்டை, பந்தலில் அவரை. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும்தான் உரம். அரிசி கழுவின தண்ணியைக்கூட கீழே கொட்டமாட்டாங்க. கீரைப் பாத்திக்குத்தான் போகும். போருக்கு முந்திய தொழிலாளர் சட்டமே, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 16-ல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இருந்தவர்களுக்கும் சம்பளம் குறைந்தது. அப்போது கொல்லைதான் கைகொடுத்தது.

பெரிய சோதனை பின்னால் வந்தது. 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகிப்போனது. ரப்பரை வாங்க ஆளில்லை. ஆண்களில் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. லயத்தில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக் குச்சியை ஊன்றினார்கள். கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு. தோலை உரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைக்க வேண்டும். கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம். அதையே தின்றவர்களுக்கு உடம்பு நலிந்தது, கால் வீங்கியது. முருங்கைக்கீரையும் பயறும் சேர்ந்த வீட்டில் உடம்பு கொஞ்சம் தாங்கியது.

போர் முடிந்தும் ஒரு குறை தீரவில்லை. கொல்லை வைத்தவர் தொழிலாளி. நிலமோ தோட்டத்துக்குச் சொந்தம். 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தபோது வேலையோடு வீடும் போனது, கொல்லையும் போனது. காய்க்கிற முருங்கையைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? தொழிலாளர்களே நிலம் வாங்க வேண்டும் என்றுதான் 1960-ல் துன் சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1974-ல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, காலி நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். நம் பாட்டிமார்களுக்கு அது புதிய பாடமா என்ன?

இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. நம்மில் பலர் அடுக்குமாடியில் இருக்கிறோம். இடம் இல்லையே என்று சொல்ல வேண்டாம். பழைய வாளியில் மிளகாய் காய்க்கும், தொட்டியில் கருவேப்பிலை வளரும்.

மாணவச் செல்வங்களே! வீட்டிலுள்ள பெரியவர்களிடம், "உங்க லயத்துக்குப் பின்னால என்னென்ன வச்சிருந்தீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால், பால்மரத்துக்கு இருக்கும் வரலாறு நம் வீட்டுப் பெண்களுக்கு இல்லாமல் போய்விடும். கூடவே ஒரு செடியும் நட்டு வையுங்கள்.