அருணையில் ஒரு பிரெஞ்சுத் துறவி

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவசரக்காரர்கள். பௌர்ணமிக்குப் பஸ் பிடித்து வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஓட்டமும் நடையுமாக முடித்து, பொழுது விடிவதற்குள் திரும்பும் பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்து விடுகிறவர்கள். ஆனால் மலையைச் சுற்றுவதற்கு அந்த ஊரில் ஒரு பழைய இலக்கணம் இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியான ராணி ஒருத்தி எப்படி நடப்பாளோ, அப்படி நடக்க வேண்டும் என்பார்கள். அடி வைக்கும் ஓசை தன் காதுக்கே கேட்கக் கூடாதாம்.

இந்த இலக்கணம் தெரியாமல் அங்கே வந்து சேர்ந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர் பக்தர் அல்லர், கத்தோலிக்கத் துறவி. பெயர் ஆன்றி ல சோ. பிரான்சு தேசத்தின் வடமேற்கு மூலையில், கடலை ஒட்டிய பிரிட்டனிப் பிரதேசத்தில் 1910-ல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கெர்கோனான் என்ற இடத்திலுள்ள பெனடிக்டின் மடத்தில் சேர்ந்தார்.

மடத்துத் துறவிக்கு என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றும். மணி அடித்தால் எழுந்திருக்கிறார், மணி அடித்தால் ஜெபிக்கிறார், மணி அடித்தால் உண்கிறார். நம்மைப்போல் பால்காரனுக்கும் ஆபீஸுக்கும் நடுவே அல்லாடுகிற வாழ்க்கை அல்லவே! வாஸ்தவம். ஆனால் 1934-லேயே இந்த மனிதரின் மனத்தில் இந்தியா புகுந்து விட்டது. அங்கே போக வேண்டும். கிறிஸ்தவத் துறவறத்தை இந்திய மண்ணில் இந்தியக் கோலத்தில் நட வேண்டும். மேலிடத்து அனுமதிக்காகக் காத்திருந்தார். நடுவில் உலக யுத்தம் வந்தது. ராணுவத்தில் சேர்க்கப்பட்டார், ஜெர்மானியர் கையில் அகப்பட்டுத் தப்பினார். மடத்துக்குத் திரும்பி மீண்டும் காத்திருந்தார். பதினான்கு வருஷம்! வெளியே பார்ப்பதற்குப் பொறுமையின் சிகரம். உள்ளே திட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. ஆசிரமம் எப்படி இருக்க வேண்டும், என்ன உடை, என்ன உணவு, எந்த மந்திரம் என்று எல்லாவற்றையும் மனத்துக்குள் கட்டி முடித்துவிட்டுத்தான் 1948 ஆகஸ்டில் அவர் குளித்தலைக்கு வந்து சேர்ந்தார். கால் நிதானமாக இருந்தாலும் எண்ணம் பறந்து கொண்டிருக்கும் மனிதர்களை நாம் பார்த்ததில்லையா?

குளித்தலையில் அவரை எதிர்பார்த்திருந்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஜூல் மொன்ஷானேன். 1939-லேயே வந்தவர். பெரிய படிப்பாளி, சதா ஆஸ்துமாவுடன் போராடும் உடம்பு. திருச்சி மறை மாவட்டத்துக் கிராமங்களில் சாதாரணப் பங்குச் சாமியாராகக் காலம் தள்ளிக்கொண்டு, ஆசிரமம் காண்பதற்கு ஒரு துணை வராதா என்று ஏங்கிக் கொண்டிருந்தார். ல சோ திருச்சி ஆயருக்கு எழுதிய கடிதம், பதில் எழுதச் சொல்லி இவர் கையில் வந்து சேர்ந்தது. பத்து வருஷத் தவம் பலித்ததாக அவர் மகிழ்ந்திருப்பார். இந்த மகிழ்ச்சியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவேண்டும்.

இருவரும் 1949 ஜனவரியில் திருவண்ணாமலைக்குப் போனார்கள். ரமண மகரிஷி அப்போது இருந்தார். 1896 செப்டம்பர் முதல் தேதி பதினாறு வயதுப் பையனாக அந்த ஊரில் வந்து இறங்கியவர். அதன் பிறகு ஊரை விட்டு நகரவே இல்லை. அத்தகையவரைப் பார்க்கப் போன ல சோவுக்கு எதிர்பார்ப்பு பலமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார், உற்றுப் பார்த்தார். ஏதோ ஓர் ஒளி, ஏதோ ஒரு செய்தி தம்மை வந்து தாக்கப் போகிறது என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சாந்தமான கண்களுடன் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். காலையிலும் மாலையிலும் ஒலித்த வேத பாராயணம் மட்டும் அவரை எங்கோ தொட்டது.

ஆசிரமத்தில் எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கில மாது தங்கியிருந்தார். ல சோவின் ஏமாற்றத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் சற்றும் தயங்காமல் குற்றத்தை அவர் பேரிலேயே திருப்பினார். நீங்கள் மூட்டை முடிச்சுக்களோடு வந்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளத் துடிக்கிறீர்கள், காலிப் பாத்திரமாக வந்தால் அல்லவா ஏதாவது விழும் என்ற பொருளில் சொன்னார். பாதிரியாருக்கு உபதேசம் செய்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்! அதே சமயத்தில் ல சோவுக்குக் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. திட்டம் போடும் மூளை ஓய்ந்து கிடந்தபோது, நேரில் பார்த்து ஒன்றும் காணாத அந்த முகம் கனவில் திரும்பத் திரும்ப வந்தது. தம்முடைய பழைய எண்ணச் சட்டங்களுக்குள் அதை அடைக்க முயன்றதாகவும், அது அடங்க மறுத்ததாகவும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த வருஷமே மறுபடியும் போனார். மகரிஷியின் கையில் புற்றுக் கண்டு சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது.

1950 மார்ச் 21-ந் தேதி, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரை மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமம் பிறந்தது. சாந்திவனம் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். இருவரும் காவி உடுத்தார்கள், வெறுங்காலுடன் நடந்தார்கள், மரக்கறி உண்டார்கள். ல சோ 'அபிஷிக்தேஷ்வரானந்தர்' ஆனார். பிற்பாடு அது அபிஷிக்தானந்தர் என்று சுருங்கிற்று. இருபத்து நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 14-ந் தேதி இரவு, மகரிஷி சமாதியடைந்தார்.

காவி உடுத்திய பாதிரியார் நமக்குப் புதிதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி தத்துவ போதகர் என்ற பெயரில் அப்படி வாழ்ந்து காட்டியவர்தான். அவர் கோலம் மாறினாரே தவிர, நோக்கம் மாறவில்லை; கொடுக்க வந்தார், கொடுத்தார். அபிஷிக்தானந்தரும் கொடுக்கத்தான் வந்தார். திருவண்ணாமலை அவர் கைகளை வாங்குகிற பக்கம் திருப்பி விட்டது.

1952 முதல் சில வருஷங்கள், போவதும் வருவதுமாக, மலையின் குகைகளில் தங்கினார். அருட்பால் தீர்த்தத்தை ஒட்டிய குகை அவற்றில் ஒன்று. கீழே பெரிய கோயில், 217 அடி ராஜகோபுரம், ஊர், சந்தடி. மேலே பாறையும் மௌனமும். நாள்கணக்காகப் பேசாமல் இருந்தார். மகரிஷியும் வாலிபத்தில் விருபாட்ச குகையில் 1916 வரை ஏறக்குறைய பதினேழு வருஷம் வாழ்ந்தவர் அல்லவா? மலைக்கு இது பழக்கம்.

அங்கே அவர் என்ன செய்தார்? நம் பாஷையில் சொன்னால், சும்மா இருந்தார். இந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்கு ஈடான ஒன்று பிரெஞ்சில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். வேலையற்றவனையும் சும்மா இருக்கிறான் என்போம். ஞானியையும் சும்மா இருக்கிறார் என்போம். கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரைத் தாங்கிப் பிடித்த முருகன், வேறு எதையும் சொல்லாமல் சும்மா இரு என்று உபதேசித்ததாக அதே ஊரில்தான் ஐதீகம்.

ஆனால் ஒரு மிஷனரி சும்மா இருக்கலாமா? அவரை அனுப்பியவர்கள் கேட்க மாட்டார்களா? எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை கட்டிடம் எழும்பிற்று என்று கணக்குக் கேட்பது ஸ்தாபனங்களின் இயல்பு. அதைக் கேலி செய்வதற்கில்லை. திருவண்ணாமலையிலேயே டேனிஷ் மிஷன்காரர்கள் பள்ளிக்கூடம் வைத்து எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு நிதானம் மருந்தாகாது. அவசரம் தர்மமாக இருக்கும் இடங்களும் உண்டு. அபிஷிக்தானந்தர் போன வழி எல்லாப் பாதிரியார்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

அவருக்கே அது சுலபமாக இருக்கவில்லை. குகையின் அமைதியில் கிடைத்தது ஆனந்தம் மட்டும் என்று எண்ணினால் அவருடைய நாட்குறிப்பு நம்மைத் திடுக்கிட வைக்கும். அத்வைத அனுபவம் ஒரு பக்கம் இழுக்கிறது. சிறு வயது முதல் நேசித்த கிறிஸ்து மறுபக்கம் நிற்கிறார். ஒன்றை விட்டுவிட்டால் ஆத்மாவே நஷ்டமாகிவிடுமோ என்ற பயம். காவியும் சிலுவையும் சேர்ந்த இந்தக் கோலம் வேஷமோ என்ற கூச்சம். வேலை மும்முரத்தில் இருந்திருந்தால் இந்தக் கேள்விகளை அவர் சுலபமாக ஒத்திப் போட்டிருக்கலாம். குகையில் ஒத்திப்போட இடமில்லை. அந்த நாட்களின் அனுபவத்தைக் 'குஹாந்தரம்' என்று ஒரு நூலாக எழுதிப் பாரிஸுக்கு அனுப்பினார். திருச்சபைத் தணிக்கையாளர் அச்சிட அனுமதி மறுத்துவிட்டார். பிற மதங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் சபை தள்ளுவதில்லை என்று இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிவித்தது. பத்து வருஷம் முந்திக் கொண்டு விட்டார் பாவம்!

கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் மனம் போய் நிற்பது அவரிடம்கூட இல்லை, மொன்ஷானேனிடம். பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த துணை, ஆசிரமத்தை விட்டு மலைக்கு மலைக்கு என்று ஓடினால் அந்த நோயாளி மனிதர் என்ன செய்வார்? சேர வந்தவர்களும் நிலைக்கவில்லை. நண்பர் போகும் போக்கு சித்தாந்த ரீதியாகவும் அவருக்குக் கவலை தந்தது. இரண்டு பேரும் நல்லவர்கள்; இரண்டு பேர் பக்கமும் நியாயம்; ஒரே மாந்தோப்பில் இரண்டு மௌனங்கள். மொன்ஷானேன் நோய் முற்றிப் பாரிஸுக்குக் கொண்டு போகப்பட்டு, 1957 அக்டோபர் 10-ந் தேதி அங்கே காலமானார். ஒருவர் நிதானிப்பதற்கு இன்னொருவர் விலை கொடுக்க நேருகிறதே என்ற நினைப்பு, இந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

அபிஷிக்தானந்தர் 1955-ன் கடைசியில் திருக்கோவிலூரில் ஞானானந்த கிரி சுவாமிகளைச் சந்தித்துத் தம் குருவாகக் கண்டுகொண்டார். 1960-ல் இந்தியப் பிரஜை ஆனார். வடக்கே உத்தரகாசியில் கங்கைக் கரையில் ஒரு சிறு குடில் அமைத்துக் கொண்டார். 1968-ல் சாந்திவனத்தை ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸிடம் விட்டுவிட்டு வடக்கிலேயே தங்கிவிட்டார். இவர்கள் காலத்தில் வெறிச்சென்றிருந்த சாந்திவனத்துக்கு அதன் பிறகு பல தேசத்தாரும் வந்து கூடினார்கள்.

1973 ஜூலை 14-ந் தேதி, அறுபத்திரண்டு வயதில், ரிஷிகேசத்துக் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார். காட்டுக் கோயில் ஒன்றில் அவருடைய சீடர் காத்துக் கொண்டிருந்தார். பஸ் புறப்படுவதைப் பார்த்ததும், அதைப் பிடிக்க ஓடினார். மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். அசைய முடியாமல், வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே கிடந்த அந்த நேரத்தைத் தம் வாழ்க்கையிலேயே மகத்தான நேரம் என்று நண்பர்களுக்கு எழுதினார். அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தார். டிசம்பர் 7-ந் தேதி இந்தூரில் காலமானார். அருணாசல நினைவுகளைப் பற்றிய அவருடைய புத்தகம் பிரெஞ்சு மொழியில் 1978-ல்தான் வெளிவந்தது.